பிரித்துப் பார்த்த பெருமகன்

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு

சென்ற ஆடியில் எங்கள் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களைக் காண வந்த கூட்டத்தினிடையே விந்தையான கார் ஒன்று ஓசையின்றி வந்து நின்றது. இரண்டே கதவுகள், அவையும் சிறகுபோல் மேல்நோக்கித் திறந்தன. ஜெர்மனியில் 2014 முதல் 2020 வரை தயாரிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ ஐ8 என்னும் கூபே அது. பின்சக்கரங்களை மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும், முன்சக்கரங்களை மின்மோட்டாரும் சுழற்றுகின்றன. வீட்டு மின்சாரத்திலேயே அதன் பேட்டரியை சார்ஜ் செய்யலாம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியும் மின்சாரமாகத் திரும்புகிறது.

எஞ்சின், மோட்டார் ஆகிய இரண்டையும் ஒரே வாழ்நாளில் வசப்படுத்திய தமிழ்நாட்டவர் ஒருவர் அப்போது என் நினைவுக்கு வந்தார். அவர்தாம் கோவை ஜி. டி. நாயுடு.

1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. உணவு விடுதியில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். ஓட்டி மகிழ்வதோடு நின்றாரா? இல்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்; மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற பல்கலைக்கழகம்!

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கினார். அது வளர்ந்து பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவதை உருவாக்கினார். 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாயில் தர முனைந்தார். அரசின் உரிமம் கிட்டவில்லை. கார் மக்கள் கைக்கு வரவேயில்லை. 1974 ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார்.

ஐ8 செல்வர்க்கான வண்டி. நாயுடு கனவு கண்டதோ எளியவர்க்கான வண்டி. அக்கனவு நிறைவேறாதது நம் இழப்பே. ஆயினும் அவர் கற்ற முறைக்கு உரிமம் எதுவும் தேவையில்லை.

மாணவ நண்பர்களே! மோட்டாரின் படத்தை வரைந்தே மதிப்பெண் வாங்கியவன் நான். ஒன்றையேனும் திறந்து பார்த்ததில்லை. வெட்கம் என்னைத் தின்றது. அவ்வாரமே எங்கள் கிணற்றடியில் பழுதாகிக் கிடந்த பழைய மோட்டாரைப் பிரித்தேன். திரும்பப் பூட்டியபோது ஒரு நட்டு மிஞ்சிவிட்டது. மோட்டாரும் ஓடவில்லை. அந்த நட்டு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. விடுமுறையில் மறுபடியும் பிரிப்பேன்.