வாயில்லா ஜீவன்களின் தோழர் கோல்ஸ்வொர்த்தி கிராண்ட்



ஏறக்குறைய 1292-ஆம் ஆண்டில் நமது கடற்கரை நாட்டின் வழியாய்ச் சென்ற மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்தார், இங்கு கேட்டறிந்த வருத்தமான ஒரு சங்கதியை எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய அரசர்கள் ஆளுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வருஷந்தோறும் அரபு தேசத்துக் கப்பல்களிலிருந்து வாங்குவார்களாம். வருஷ முடிவில் 100 குதிரை கூட மிஞ்சாதாம். அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை. லாடம் கட்டுவோரும் வைத்தியரும் இந்தப் பக்கம் வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை செத்தால்தானே மறுவருஷமும் விற்கலாம்!

அந்தப் பழைய நூலை 1871-ல் ஆங்கிலத்தில் விரிவான குறிப்புகளோடு வெளியிட்டவர் ஹென்றி யூல் துரை. 1855-ல் பர்மா அரசரிடம் சென்ற தூதுக்குழுவுக்கு அவர் காரியதரிசி. அதே குழுவில் சித்திரக்காரராய்ச் சென்றவர்தாம் இவ்வாரம் நாம் நினைவுகூரும் கோல்ஸ்வொர்த்தி கிராண்ட்.

இவர் 1813-ல் லண்டனில் பிறந்தார். 1832-ல், இருபது வயது நிரம்புமுன், கல்கத்தா வந்து சேர்ந்தார். பிரமுகர்களின் உருவங்களை வரைந்து பத்திரிகைகளில் வெளியிட்டார். பிற்காலத்தில் மாணாக்கருக்குச் சித்திரம் கற்பித்தார். வங்காளத்து வாழ்க்கையைத் தாய்க்கும் சகோதரிகளுக்கும் கடிதங்களாக எழுதிப் படங்களோடு அச்சிட்டார். பல்லக்கு, வீட்டு வேலையாள், அவுரித் தொழில் என்று ஒன்றையும் விடவில்லை. வீதியைப் பார்ப்பதே அவருக்குப் பிழைப்பு. பார்த்துப் பழகிய அந்தக் கண்ணே கடைசியில் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை என்பது என் எண்ணம். நாமெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டே காணாமற் போகிறவர்கள்.

துறைமுகத்துப் பாரத்தை இழுத்துக் கழுத்துப் புண்ணான எருதுகளையும், வாடகை வண்டியில் எலும்புந்தோலுமாய் ஓடிய மட்டக் குதிரைகளையும் கண்டு பரிதபித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1861-ல் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தைக் கல்கத்தாவில் ஏற்படுத்தினார். அவ்வகையில் இந்தியாவிலேயே அதுதான் முதற் சங்கம். லண்டனில் 1824-ல் அத்தகைய சங்கத்தை நிறுவ முன்னின்ற ஆர்தர் புரூம் என்ற போதகர், சங்கத்தின் கடனுக்காகச் சிறையே சென்றார். தர்ம காரியத்துக்கும் பணம் வேண்டியிருக்கிறது!

கிராண்டோடு உழைத்தவர்களில் முக்கியமானவர் வங்காளத்து எழுத்தாளர் பியாரி சந்த் மித்ரா. பெண்மக்கள் படிக்கும்படி எளிய நடையில் 1854-ல் மாதப் பத்திரிகை தொடங்கியவர் இவர். சட்டசபையில் அங்கத்தினராயிருந்து, வங்காளத்தில் 1869-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறப் பாடுபட்டார். கிராண்டின் ஜீவிய சரித்திரத்தை எழுதியவரும் இவரே.

இங்கே ஒரு கேள்வி எழும். அபராதம் கட்டுகிறவன் ஏழை வண்டிக்காரன். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றச் சொன்ன முதலாளிக்கு என்ன நஷ்டம்? நியாயமான கேள்வி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து ரயில் வந்தபின், இராமேசுவரத்தில் யாத்திரீகரை ஏற்றிச் சென்ற குதிரை வண்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். குதிரைக்குக் கொள்ளு வாங்கினால் பிள்ளைக்கு அரிசியில்லை என்ற நாட்கள் அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனபடியால் வண்டிக்காரனை மட்டும் குற்றஞ்சொல்ல எனக்கு மனமில்லை. கூலியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, ஐந்து பேர் ஏறவேண்டிய வண்டியில் எட்டுப்பேர் ஏறுகிறவர்களுக்கும் அந்தச் சவுக்கடியில் பங்குண்டு.

கிராண்ட் பீடமேற்றப்பட்ட அர்ச்சியசிஷ்டவர் அல்லர். ஆயினும் ஓநாயையும் சகோதரன் என்றழைத்த அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் இவரைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். மிருகங்களை வீணாய் வதைப்பது மனித மாண்புக்கே விரோதம் என்று 1992-ல் வெளியான நமது திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறது.

1880-ல் கல்கத்தாவிலேயே அவர் காலஞ்சென்றார். நண்பர்கள் அவருக்குச் சிலை வைக்கவில்லை. ரைட்டர்ஸ் கட்டடத்தின் எதிரே ஒரு கல்தூணை நிறுத்தி, அதன் அடியில் தண்ணீர்த் தொட்டிகள் அமைத்தார்கள். அவ்வழியே வண்டியிழுத்து வந்த மாடும் குதிரையும் அங்கே நின்று தாகந்தீரக் குடித்துச் சென்றன.