ஓரணா டிபன்

டி.நகர்னா நமக்கு ரங்கநாதன் தெருவும் தீபாவளிக் கூட்டமும்தான் ஞாபகம் வரும். அந்த 'டி' யாருன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம். அவர் பெயர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சித் தலைவர், சர் பட்டம் வாங்கியவர், வெள்ளுடை வேந்தர் என்று பாடப்புத்தகத்தில் நாலு வரி படித்திருப்போம். அந்த நாலு வரியில் வராத ஒரு விஷயம் அவர் போட்ட டிபன்.

பள்ளிக்கூடத்தில் சோறு என்றதும் காமராஜர் பெயர் வருவது நியாயம்தான். 1956ல் மாநிலம் முழுக்க மதிய உணவைக் கொண்டுபோனவர் அவர். ஆனால் அதுக்கு 36 வருஷம் முன்னாடியே சென்னையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இது நடந்து பார்த்தாச்சு. நம்ம பாஷையில் சொன்னால், பைலட் ப்ராஜெக்ட்.

தியாகராயர் பிறந்தது 1852ல், தெலுங்கு பேசும் தேவாங்கர் நெசவாளர் குடும்பத்தில். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். தறிக்கூடம், தோல் பதனிடுதல், உப்பளம் என்று தொழில் பலவிதம். வசதியான ஆள். பக்திமானும்கூட. 1882ல் சென்னை மாநகராட்சிக்குள் நுழைந்தவர் ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம் என்று எல்லாக் கோப்பும் அவர் கையில் புரண்டிருக்கும். புரட்சி பேசுகிற ஆள் இல்லை அவர். கணக்குப் பார்க்கிற ஆள். அவர் கதையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

கட்சி வந்த கதையிலும் சாப்பாடு ஒரு மூலையில் இருக்கிறது. ஊரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத பையன்களுக்கு அன்றைய சென்னையில் தங்க இடமும் சாப்பாடும் கிடைப்பது பெரும்பாடு. விடுதிகளில் சேர்க்க மாட்டார்கள். டாக்டர் நடேசன் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒன்று நடத்தியது இதற்காகத்தான். அந்த நடேசனின் முயற்சியால்தான், மாநகராட்சியில் முட்டிக்கொண்டிருந்த தியாகராயரும் டி.எம். நாயரும் கைகோத்தார்கள். 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. 1920 தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்து, ஆளுநர் வெலிங்டன் முதல்மந்திரி பதவிக்கு இவரைக் கூப்பிட்டபோது இவர் ஒதுங்கிக்கொண்டார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார்.

இனி டிபன் விஷயம். மாநகராட்சியின் தலைவராக உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த முதல் ஆள் தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கை மந்தமாக இருந்தது. வாத்தியார் சரியில்லை, கட்டடம் சரியில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். தியாகராயர் சொன்ன காரணம் வேறு: பிள்ளைகள் ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை இல்லை. 1920 செப்டம்பர் 16ம் தேதி மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு டிபன், செலவு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. ஏழு வயசுப் பிள்ளை காலி வயிற்றோடு அ, ஆ எழுதுவதற்கும் டிபன் சாப்பிட்டுவிட்டு எழுதுவதற்கும் நடுவில் இருந்தது அந்த ஓரணாதான்.

பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் போனது திட்டம். 1922-23ல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25ல் 1,671. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேலே! நம்ம லேபில் இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் தலைகால் புரியாது.

வெள்ளைக்கார அரசுக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து டிபனுக்குச் செலவு காட்டக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பலகை, புத்தகம், வாத்தியார் சம்பளம் எல்லாம் கல்வி. சாப்பாடு கல்வியில் சேராது என்பதுதான் அதற்கு அர்த்தம். யாரும் திட்டம் தோற்றுவிட்டது என்று சொல்லவில்லை. செலவை எழுதத் தலைப்பு இல்லை, அவ்வளவுதான். 1925 ஏப்ரல் 1ம் தேதியோடு டிபன் நின்றது.

அதே மாதம் 28ம் தேதி தியாகராயர் காலமானார். வயசு 73. அந்த வருஷங்களில்தான் மாம்பலம் பக்கம் ஏரியாக இருந்த இடத்தில் புது நகர் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

டிபன் வேண்டும் என்ற கோரிக்கை அவரோடு போய்விடவில்லை. இரண்டு வருஷம் கழித்து அரசு கொஞ்சம் இறங்கி வந்தது: 25 பள்ளிகளில், ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்.