ஆர்ஸ் பங்கு சுவாமியாரும் நிலைமை வரமும்

நல்ல காரியத்தைத் தொடங்குகிறவர்கள் பலர், முடிக்கிறவர்கள் சிலர். தபசு காலத் துவக்கத்தில் செய்த பிரதிக்கினை பாஸ்குத் திருநாள் வருமுன்னே மறந்துபோகிறது. மனம் தளர்ந்தவுடன், நமக்கு இது வாய்க்காது என்று விட்டுவிடுகிறோம். அர்ச்சியசிஷ்டவர்களுக்கு இத்தகைய தளர்ச்சியே வருவதில்லை என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அது சரியல்ல. பங்குக் குருக்களின் பாதுகாவலராகிய அர்ச். ஜான் மரிய வியான்னியின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

இவர் பிரான்சு தேசத்தில், லியோன் நகருக்கு அருகேயுள்ள தார்தில்லி என்னும் சிற்றூரில், 1786-ம் ஆண்டு மே மாதம் 8-ம் நாள் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். இவருடைய மூன்றாம் வயதில் பெரும் புரட்சி மூண்டது. கோவில்கள் அடைபட்டன, குருக்கள் மறைந்து திரிந்தார்கள். 1799-ல் இவர் புதுநன்மை வாங்கியது கோவிலில் அல்ல, ஒரு வீட்டின் அறையில். மெழுகுதிரி வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜன்னல்களுக்கு முன் புல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள்.

வயல் வேலையிலே இளமை கழிந்தது. ஏறக்குறைய 20-ம் வயதில், குருவாக வேண்டுமென்ற ஆவலோடு, எகுல்லி ஊர்ப் பங்குக் குருவாகிய பாலே சுவாமியாரிடம் படிக்கச் சேர்ந்தார். கலப்பை பிடித்தவருக்கு இலத்தீன் இலக்கணம் வசப்படவில்லை. தம்மிலும் மிக இளைய பிள்ளைகள் எளிதாய் ஒப்புவித்த பாடம் இவருக்கு நாவில் நிற்கவில்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று மனம் சோர்ந்தது. அப்போது, பிச்சை வாங்கி உண்டுகொண்டு, சுமார் 100 கிலோமீட்டர் கால்நடையாய் நடந்து, லா லூவெஸ்க் ஊரிலுள்ள அர்ச். பிரான்சிஸ் ரேஜிஸ் கல்லறையில் போய் மன்றாடினார். அதனால் இலத்தீன் சுலபமாகிவிடவில்லை. தொடர்ந்து படிப்பதற்கு வேண்டிய மனத்திடம் மாத்திரம் கிடைத்தது. அதுவே போதுமாயிருந்தது.

1813-ல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தார். சில மாதத்துக்குள் தகுதி போதாதென்று வெளியே அனுப்பப்பட்டார். பாலே சுவாமியார் கைவிடவில்லை. மறுபடியும் தம்மிடமே வைத்துப் படிப்பித்து, மேலதிகாரிகளிடம் இவருக்காகப் பரிந்து பேசினார். இவருடைய பக்தியை விசாரித்தறிந்த அதிகாரிகள், குறைந்ததைச் சர்வேசுரனுடைய வரப்பிரசாதம் நிரப்பும் என்று நம்பிச் சம்மதித்தார்கள். 1815-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ம் நாள், 29-ம் வயதில், கிரெனோபிள் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

1818-ல் ஆர்ஸ் என்னும் குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்தவர்கள் சுமார் 230 பேர். ஞாயிற்றுக்கிழமையில் வயல் வேலை, சாராயக்கடை, நடனம் இவையே அவ்வூர் வழக்கம். வியான்னி சுவாமியார் விடியுமுன்னே நற்கருணைப் பேழையின் முன் முழங்காலில் இருப்பார். வேகவைத்த உருளைக்கிழங்கே அவருக்கு உணவு. இராத்திரியெல்லாம் எழுதி மனப்பாடம் பண்ணிய பிரசங்கம் சில சமயம் பீடத்தில் ஏறியதும் மறந்துபோகும், வெட்கத்தோடு இறங்கிவிடுவார். மறு ஞாயிறு மீண்டும் ஏறுவார். ஊர் ஒரு நாளில் மாறவில்லை; பல வருஷம் பிடித்தது. இவர் தகுதியற்றவரென்று அயல் குருக்கள் சிலர் மேற்றிராணியாருக்கு விண்ணப்பம் எழுதியபோது, அது தம் கைக்கு வரவே, தாமும் அதில் கையெழுத்திட்டு அனுப்பினார்!

பின்னர் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய வரத் தொடங்கினார்கள். 1855-ல் ஆண்டுக்கு 20,000 பேர் வந்தார்கள். லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸ் பயணிகளுக்கென்றே 8 நாள் செல்லுபடியாகும் டிக்கெட் விற்றார்கள். தங்கள் முறை வர அத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. கோடை காலத்தில் நாளொன்றுக்கு 16 மணி நேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தார்.

இத்தகையவருக்கும் ஓடிவிட வேண்டுமென்ற எண்ணம் வந்தது. ஆத்தும விசாரணைக்குத் தாம் தகுதியற்றவர், ஏகாந்தத்தில் போய்த் தம் பாவங்களுக்காக அழ வேண்டும் என்ற நினைவு அவரை விடாமல் வருத்தியது. 1843-ல் இரவோடிரவாகப் புறப்பட்டுத் தாம் பிறந்த ஊருக்கே போய்விட்டார். ஜனங்கள் அங்கும் தேடி வந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆர்ஸுக்குத் திரும்பினார். 1853-ல் மறுபடியும் இரவில் கிளம்பினார். ஊரார் மணியடித்துக் கூடி வழிமறித்தார்கள். திரும்பிக் கோவிலுக்குள் போய், தொட்டியில் உட்கார்ந்து, காத்திருந்தவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கத் தொடங்கினார்.

41 வருஷம் அவ்வூரிலேயே உழைத்து, 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ம் நாள் மரித்தார். 1925-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார்.

பிரியமான கிறீஸ்தவர்களே! நிலைமை வரமென்பது ஒருபோதும் சோர்வு அடையாதிருப்பதல்ல. சோர்ந்தபின் திரும்பி வருவதே. பரீட்சையில் தவறிய மகனே, புத்தகத்தை மீண்டும் எடு. குடியை விட்டு மறுபடியும் விழுந்த தகப்பனே, இன்றைக்கே பாவசங்கீர்த்தனத்துக்குப் போ. பிள்ளைகள் தூங்கிவழிகிறார்களென்று குடும்ப ஜெபமாலையை நிறுத்திவிட்ட தாயே, இன்றிரவு ஒரு பத்து மணியாவது சொல்லத் தொடங்கு. தினந்தோறும் சர்வேசுரனிடம் நிலைமை வரத்தைக் கேட்போம். நேற்று விட்டுவிட்ட கடமைக்கு இன்று திரும்புகிறவன் தோற்றவனல்ல.