ஃபெர்டினாண்ட் சாவர்புருக்

எர்ன்ஸ்ட் ஃபெர்டினாண்ட் சாவர்புருக் (ஜூலை 3, 1875 - ஜூலை 2, 1951) ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். நுரையீரல் சுருங்கிவிடாமல் நெஞ்சறையைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்ய வழி கண்டவர் என்ற வகையில் பெரிதும் அறியப்படுகிறார். மார்பெலும்பு உட்புறமாகக் குழிந்து காணப்படும் குழிவு நெஞ்சு என்னும் பிறவிக் குறைபாட்டை அறுவை மூலம் சரிசெய்ய முயன்ற முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

இளமையும் கல்வியும்

இன்றைய வுப்பெர்டால் நகரின் பகுதியாகிய பார்மெனில் பிறந்தார். இரண்டு வயதளவில் தந்தையை இழந்தமையால், காலணி தைக்கும் தொழில் செய்துவந்த தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் வளர்ந்தார். மார்பர்க்கில் இயற்கை அறிவியல் பயிலத் தொடங்கிப் பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். 1902 இல் லைப்சிக்கில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார்.

குறையழுத்த அறை

1903 இல் பிரெஸ்லாவு நகரில் (இன்று போலந்திலுள்ள விராத்ஸ்வாஃப்) புகழ்பெற்ற அறுவை மருத்துவர் யான் மிக்குலிச்சிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வயிற்றைத் திறந்து அறுவை செய்வது அக்காலத்தில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. நெஞ்சோ மருத்துவர்கள் தொட அஞ்சிய பகுதியாகவே இருந்தது. இதற்கான காரணம் இயற்பியல் சார்ந்தது. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடைப்பட்ட வெளியில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. நுரையீரல் விரிந்த நிலையில் இருப்பதற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. நெஞ்சில் துளை விழுந்தால் காற்று உட்புகுந்து இவ்வேறுபாடு மறைகிறது; நுரையீரல் சுருங்கி, நோயாளி மூச்சுத்திணறுகிறார்.

மிக்குலிச் ஒப்படைத்த இச்சிக்கலுக்கு சாவர்புருக் கண்ட தீர்வு எளிமையானது. நோயாளியின் உடலும் மருத்துவர்களும் காற்றுப்புகாத அறையொன்றினுள் இருப்பர். நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்கும். கழுத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டை காற்றைத் தடுக்கும். அறையின் அழுத்தம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைக்கப்படும். நோயாளி வெளிக்காற்றையே சுவாசிப்பதால் நெஞ்சு திறந்திருக்கும்போதும் நுரையீரல் விரிந்தே இருக்கும். விலங்குகளில் செய்த சோதனைகளுக்குப் பின் 1904 இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் கழக மாநாட்டில் இதனை அறிவித்தார்.

அதே ஆண்டில் லுடால்ஃப் பிரவுவர் என்ற மருத்துவர் இதற்கு நேர்மாறான வழியை முன்வைத்தார். அறையின் அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, நோயாளி சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டுவது அம்முறை. நிலைத்தது அதுவே; இன்று மூச்சுக்குழாயினுள் குழாய் செலுத்திக் காற்றூட்டும் மயக்கவியல் முறை அக்கொள்கையையே பின்பற்றுகிறது. சாவர்புருக் தமது அறையை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெர்மனியில் புதிய முறை பரவுவதற்கு அவருடைய செல்வாக்கே தடையாயிற்று என்ற குறை அவர்மீது கூறப்படுகிறது.

குழிவு நெஞ்சு அறுவை

குழிவு நெஞ்சில், விலா எலும்புகளை மார்பெலும்புடன் இணைக்கும் குருத்தெலும்புகள் முறைமாறி வளர்கின்றன. மார்பெலும்பு முதுகெலும்பை நோக்கித் தள்ளப்படுகிறது. ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இக்குறைபாடு, உடல் வேகமாக வளரும் பதின்ம வயதில் ஆழமாவது வழக்கம். பலருக்கு இது தோற்றக் குறை மட்டுமே. கடுமையான நிலையில் இதயம் அழுத்தப்பட்டு இடப்பக்கம் தள்ளப்படும். ஓடினால் மூச்சு வாங்கும். சட்டையைக் கழற்ற நாணி நீச்சலையும் விளையாட்டையும் தவிர்க்கும் சிறுவர்களின் மனத்துயரும் சிறியதன்று.

1911 இல் லுட்விக் மேயர் என்பவர் இரண்டு விலாக் குருத்தெலும்புகளை அகற்றிப் பார்த்தார், பயன் கிட்டவில்லை. 1913 இல், சூரிச்சில் பேராசிரியராக இருந்த சாவர்புருக்கிடம் இளைஞர் ஒருவர் வந்தார். ஓய்வாக இருக்கும்போதே மூச்சிரைப்பும் நெஞ்சுப் படபடப்பும் இருந்தமையால் தந்தையின் கடிகாரத் தொழிலகத்தில் அவரால் வேலை செய்ய இயலவில்லை. சாவர்புருக் இடப்புறக் குருத்தெலும்புகள் சிலவற்றையும் அவற்றையடுத்த மார்பெலும்பின் பகுதியையும் வெட்டி நீக்கினார். எலும்பு அகற்றப்பட்ட இடத்தில் இதயத்தின் துடிப்பு தசைக்கு மேலாகவே தெரிந்தது. ஆயினும் அவ்விளைஞர் நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் களைப்பின்றி உழைக்கும் நிலையை அடைந்தார்.

இதயத்தைக் காப்பற்றதாக விட்டுவிடும் இம்முறை முழுமையானதன்று. எனவே 1920களில் இருபுறக் குருத்தெலும்புகளையும் வெட்டி, மார்பெலும்பையும் குறுக்கே வெட்டி மேலே தூக்கி நிறுத்தும் முறைக்கு மாறினார். எலும்பு மீண்டும் உட்செல்லாதிருக்க, நோயாளி ஏறத்தாழ ஆறு வாரம் வெளியிலிருந்து இழுத்துப் பிடிக்கும் அமைப்புடன் படுத்திருக்க நேர்ந்தது.

பிற பணிகள்

முதல் உலகப் போரில் கையிழந்த வீரர்களுக்காக, எஞ்சிய தசையின் இயக்கத்தாலேயே விரல்களை அசைக்கும் செயற்கைக் கையை உருவாக்கினார். இதில் துணைநின்ற சூரிச் பேராசிரியர் ஆரெல் ஸ்டோடோலா, நீராவிச் சுழலி பற்றிய நூலால் பொறியியல் உலகம் நன்கறிந்தவர். 1918 முதல் மியூனிக்கிலும், 1927 முதல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையிலும் சாவர்புருக் பணியாற்றினார்.

நாட்சி ஆட்சிக் காலம்

இவர் நாட்சிக் கட்சியில் சேரவில்லை. யூத ஓவியர் மாக்ஸ் லீபர்மானின் இறுதிச் சடங்கில் 1935 இல் துணிந்து கலந்துகொண்டார். மனநோயாளிகள் கொல்லப்படுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். மறுபுறம், 1933 இல் ஹிட்லருக்கு ஆதரவாகப் பொதுமேடையில் பேசினார். 1937 இல் ஆட்சியாளர் வழங்கிய தேசியப் பரிசை ஏற்றார். அரசின் ஆராய்ச்சிக் குழுவில் மருத்துவப் பிரிவுக்குப் பொறுப்பு வகித்தபோது, வதைமுகாம் கைதிகள்மீது நடந்த சோதனைகளுடன் தொடர்புடைய ஆய்வுகளுக்கும் நிதி ஒப்புதல் அளித்தார். போருக்குப் பின் நடந்த விசாரணையில் விடுவிக்கப்பட்டபோதிலும் இக்கேள்விகள் ஓயவில்லை.

இறுதி ஆண்டுகள்

முதுமையில் மூளைக் குருதிக்குழாய்கள் தடித்து, நினைவும் நிதானமும் குன்றின. இருந்தும் அறுவை அரங்கை விட்டு விலக மறுத்தார். உடனிருந்தோர் ஆபத்தை உணர்ந்தும் அவர் புகழுக்கு அஞ்சித் தயங்கினர். அத்தயக்கத்தின் விலையை நோயாளிகள் செலுத்தினர். 1949 இறுதியில்தான் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அதன் பின்னும் வீட்டில் வைத்து அறுவை செய்தார். இந்நிகழ்வுகளை யூர்கன் தோர்வால்டு 1960 இல் நூலாக வெளியிட்டார். 1951 இல் வெளிவந்த தன்வரலாறு வேறொருவர் எழுத்தில் உருவானது. அதிலுள்ள செய்திகளை எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும்.

பிற்கால வளர்ச்சி

குருத்தெலும்பை வெட்டி மார்பெலும்பை உயர்த்தும் வழியைச் செம்மைப்படுத்தி, வெளி இழுவை தேவையற்ற முறையை அமெரிக்கரான மார்க் ராவிட்ச் 1949 இல் வெளியிட்டார். மிகச் சிறு வயதில் குருத்தெலும்புகளைப் பெருமளவு அகற்றினால் நெஞ்சுக்கூட்டின் வளர்ச்சியே தடைப்படலாம் என்பது பின்னரே தெரியவந்தது. 1987 இல் டொனால்டு நஸ் குருத்தெலும்பை வெட்டாமல், வளைந்த உலோகப் பட்டையொன்றை மார்பெலும்பின் அடியில் செலுத்தித் திருப்பி அதனை வெளித்தள்ளும் முறையைக் கையாண்டார். 1998 இல் அதன் பத்தாண்டு அனுபவத்தை வெளியிட்டார். நெஞ்சு புதிய வடிவில் நிலைபெற்றபின், பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில், அப்பட்டை அகற்றப்படுகிறது.