நாகசுரச் சக்கரவர்த்தியும் நரசிங்கம்பேட்டைத் தச்சரும்

இசை வேளாளர் குலத்துத் தோன்றிய பெரியோர் சரிதங்களை நம் திங்களிதழில் அவ்வப்போது வரைந்து வருதல், நம் இளைஞர் அவற்றைப் படித்து ஊக்கம் எய்துதற்பொருட்டேயாம். அவ்வரிசையில் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையவர்கள் சரிதத்தை இம்முறை எழுதப் புகுந்தேன். பிள்ளையவர்கள் பெருமையை அறியாதார் நம்முள் ஒருவரும் இலர். ஆயினும், அவர்கள் கையில் விளங்கிய குழலைக் கடைந்து கொடுத்த கை எவருடையது என வினவின், விடை கூறவல்லார் மிகச் சிலரே. அக்குறையை ஒருவாறு நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளையவர்கள் 1898 ஆம் ஆண்டில், குப்புசாமி பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார்கள். தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்து நாகசுர வித்துவானாக விளங்கியவர். அவர் இவர்களைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துக்களும் திருமருகலையும் நடேச பிள்ளையையுமே குறிப்பன. நடேச பிள்ளை இளமையிலேயே மறைந்தமையால் குழந்தையின் கல்வி பிறர் கைக்கு மாறியது. திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரமும் பயின்றார்கள்.

பாட்டை முதலிற் கற்று, அதன் பின்னரே குழலைக் கையில் எடுத்தார்கள் என்பது கருதத்தக்கது. குரல் எங்ஙனம் நெளிந்தும் நிமிர்ந்தும் ஓர் இராகத்தின் வடிவத்தைக் காட்டுமோ, அங்ஙனமே குழலும் காட்டுதல் வேண்டும் என்பதே அவர்கள் வாழ்நாள் முழுதும் கொண்டிருந்த வேட்கை. அவ்வேட்கைக்கு அந்நாளைக் குழல் இடந்தரவில்லை.

அக்காலத்தே பெருவழக்காய் இருந்தது திமிரி என்னும் குட்டை நாகசுரம். அதன் சுருதி 4, 5 கட்டை என உயர்ந்து நிற்கும். சுவாமி புறப்பாட்டின்போது திறந்த வீதியிலே நெடுந்தொலைவு ஒலி செல்லுதற்கு அஃது ஏற்றதே. ஆயின், சபையில் அமர்ந்து ஓர் இராகத்தை நெடுநேரம் விரித்துரைத்தற்கு அவ்வுச்சக் குரல் ஒத்துவாராது. அன்றியும், திமிரியிலே சுத்த மத்திமம் தானாகச் செம்மையுற ஒலிப்பதில்லை. ஊதுவோரே மூச்சாலும் உதட்டாலும் அதனை வருத்திப் பெறுதல் வேண்டும். பிள்ளையவர்கள் பெயரோடு பிரியாது சேர்ந்த தோடியோ சுத்த மத்திமத்தை உடைய இராகம். எனவே, அவ்வொரு சுரத்தின் குறை அவர்களை எத்துணை வருத்தியிருக்கும் என்பதை இசையறிந்தோர் உணர்வர்.

இக்குறை தீர வேண்டின் குழல் நீளுதல் வேண்டும். நீண்டால் சுருதி தாழும். ஆயின், குழலை நீட்டுதல் ஓர் உத்திரத்தை நீட்டுதல் போன்ற எளிய செயலன்று. நீளம் மிகுந்தவுடன் துளைகளின் இடைவெளியும் மிகும், விரல்களோ நீளா. விரலுக்கு எட்டும் இடத்தில் துளையும், சுரத்துக்கு உரிய அளவில் உட்கூடும் அமைதல் வேண்டும். இதனைச் செய்து காட்டுதல் வித்துவானால் இயலாதது, தச்சனாலேயே இயல்வது.

அத்தச்சர் வாழ்ந்த ஊர் வெகுதொலைவில் இல்லை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, திருவாவடுதுறைக்கு அணித்தாய் உள்ளது நரசிங்கம்பேட்டை. அவ்வூர் ஆசாரியார்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் இல்லத்துப் பட்டறைகளிலேயே நாகசுரம் கடைந்து வருவோர். அங்கே தொழிற்சாலை என ஒன்று தனியே இல்லை. கடைசல் இயந்திரமும், உளியும், அரமும், நீண்ட துரப்பணங்களும், சுவரிற் சார்த்திய மரக்கட்டைகளுமே அவர்தம் உடைமை.

நாகசுரத்துக்கு உரிய மரம் ஆச்சா. அஃது இரும்பென உறுதியும் எடையும் உடையது. புதிதாய் வெட்டிய மரம் இதற்கு உதவாது. ஈரம் உலர உலர அது சுருங்கும், வெடிக்கும், துளைகள் நிலை மாறிச் சுருதியும் மாறிவிடும். ஆதலின், பல்லாண்டுகள் உத்திரமாகவும் தூணாகவும் வீடுகளிற் கிடந்து, இனி மாறுதற்கு ஒன்றுமில்லை என்னும்படி முதிர்ந்த மரத்தையே ஆசாரியார்கள் தேடி வாங்குவர். அதனை அறுத்து, உருட்டி, கடைசலில் ஏற்றிப் புறத்தைக் கடைந்து, மேலே குறுகியும் கீழே வரவர விரிந்தும் செல்லுமாறு உள்ளே குடைவர். இப்பகுதிக்கு உலவு என்று பெயர். அடியில் மலர்போல் விரியும் அணசை வாகை மரத்தாற் செய்து பொருத்துவர். துளைகள் பன்னிரண்டு. அவற்றுள் ஏழே விரலுக்கு உரியன. எஞ்சிய ஐந்தும் கீழ்ப்பகுதியில் இருந்து சுருதியைச் செம்மை செய்வன. வேண்டிய அளவுக்கு அவற்றை மெழுகால் அடைத்துக்கொள்வர். உட்கூட்டில் ஒரு மயிரிழை மிகினும் சுரம் பிறழும்.

அவ்வூரில் வாழ்ந்த ரங்கநாத ஆசாரியாரே பிள்ளையவர்கள் கருத்தை அறிந்து செயற்படுத்தியவர். வித்துவான் தாம் விரும்பும் நாதத்தை வாயாற் கூற இயலும். அதனை மரத்தில் எங்கே, எவ்வளவு குடைந்தால் பெறலாம் என்பதைக் கைதான் கண்டறிதல் வேண்டும். ஆசாரியார் நீளத்தையும், உட்கூட்டின் விரிவையும், துளைகளின் இடத்தையும் மாற்றி அமைத்துச் சுத்த மத்திமம் செம்மையாய் ஒலிக்கும் பாரி நாகசுரத்தை உருவாக்கினார். அதன் சுருதி 2, 2½ கட்டை அளவில் தாழ்ந்து, கம்பீரமும் குழைவும் ஒருங்கே உடையதாயிற்று. இன்று நாம் கச்சேரிகளிற் கேட்பது பெரும்பாலும் இப்பாரியின் ஒலியே.

குழலைப் போலவே குழலூதுவோன் நிலையையும் உயர்த்தினார்கள் பிள்ளையவர்கள். இடுப்பில் துண்டைக் கட்டி, நின்றும் நடந்தும் வாசித்துக் கொண்டிருந்த நம் முன்னோர் வரிசையில் வந்தவர்கள், மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று நின்றார்கள். ஒத்துக்கு மாறாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலோடு அவர்கள் நாகசுரம் ஒலித்த இரவுகளை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோடி இசைத்தட்டு, நாகசுரத்தை நேரிற் கேளாதார் இல்லங்களிலும் புகுந்தது. 1940 இல் காளமேகம் என்னும் படத்தில் அவர்கள் நடித்தார்கள். 1947 ஆகஸ்டில் தில்லி மாநகரில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பிற் செங்கோல் அளிக்கப்பெற்றபோது அங்கே முழங்கியதும் அவர்கள் நாகசுரமே.

ஈட்டிய பொருளைச் சேர்த்து வைக்கும் இயல்பு அவர்களிடம் இல்லை. 1956 டிசம்பரில் சென்னையில் மறைந்தபோது அவர்கள் விட்டுச் சென்ற செல்வம், காருகுறிச்சி அருணாசலம் முதலிய மாணாக்கரும், தமக்குப் பின் வந்தார் யாவரும் கையாளும் அந்நெடுங்குழலுமேயாம்.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், குறியீடு மரத்தைத் தாராது. அத்தொழிலில் நிற்கும் குடும்பங்கள் சிலவே. முதிர்ந்த ஆச்சாவோ கிடைத்தற்கு அரிதாகி வருகின்றது.

இங்கே நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். காவிரிக் கரையூர்களில் நம் முன்னோர் கட்டிய வீடுகள் நாளும் இடிக்கப்படுகின்றன. உத்திரங்கள் எடைக்கும் விறகுக்கும் விலைபோகின்றன. அவற்றுள் ஆச்சா உளதாயின், விற்பதற்கு முன் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு சொல் அனுப்புங்கள். குழல் வாங்கச் செல்லுங்கால் உழைப்புக்கு உரிய விலையைக் குறைத்துப் பேசாதீர்கள். நம் வித்துவான்களுக்குப் பொன்னாடை போர்த்தும் விழாக்களில், அவர் குழலைக் கடைந்த ஆசாரியாரையும் அழைத்து அருகில் அமர்த்துங்கள். தாம் மேடையில் அமர்தற்கு உரிமை கேட்டவர் பிள்ளையவர்கள். அவ்வுரிமையை அவர்கள் குழல் செய்தவர்க்கும் நாம் அளித்தாலன்றி, அவர்களைப் போற்றுவதாக நாம் சொல்லிக்கொள்ளுதல் நிறைவுடையதாகாது.