தன் தொண்டைக்குள் எட்டிப் பார்த்த பாட்டு வாத்தியார்

மன்னார் தீவில் நடுச்சாமத்தில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் வீட்டார் முதலில் கணக்குப் பார்ப்பது தூரத்தைத்தான். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்குச் சுமார் 30 கிலோமீற்றர். அங்கிருந்து பாலம் தாண்டி வவுனியாவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் அதைவிடத் தூரம். நிலைமை மோசமான நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவதற்கு முன்னர் வைத்தியர்கள் சில வேளைகளில் ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டியிருக்கும். வெளியே வாங்கில் காத்திருக்கும் உறவினருக்கு அது ஒரே வரியாக வந்து சேரும்: குழாய் போட்டிருக்கிறார்களாம்.

வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி, அதனூடாக ஒட்சிசன் கொடுப்பதுதான் அந்த வேலை. சொல்வது இலகு. நாக்கின் அடிக்குப் பின்னால் இரண்டு வழிகள் பிரிகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது உணவுக்குழாய். குழாய் வழி தவறிப் போனால் காற்று வயிற்றுக்குள் போகும். அதை உடனே கண்டுபிடிக்காவிட்டால் சில நிமிடங்களில் மூளை பழுதாகும், உயிரும் போகும். சரியான வாசலைக் கண்ணால் காண்பதற்கு வைத்தியரின் கையில் இருக்கும் கருவியின் பெயர் லரிங்கோஸ்கோப்.

அந்தக் கருவியின் கதையைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுபவர் வைத்தியர் அல்லர், குரல் கெட்டுப்போன ஒரு பாடகர். பெயர் மனுவேல் கார்சியா. எங்கள் கரையோரக் கத்தோலிக்க ஊர்களுக்கு மனுவேல் என்ற பெயர் புதிதல்ல. ஆனால் இந்த மனுவேல் வேறு உலகத்து ஆள்.

மேடையில் வளர்ந்த பிள்ளை

கார்சியா 1805 மார்ச் 17 ஆம் திகதி ஸ்பெயினில் பிறந்தார். தகப்பனின் பெயரும் மனுவேல் கார்சியாதான். ஐரோப்பா முழுவதும் அறிந்த பாடகர் அவர். 1816 இல் ரொசினியின் 'செவில் நகரச் சவரக்காரன்' இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியபோது காதலன் அல்மவீவா வேடம் கட்டியவர். வீட்டில் பாட்டுத்தான் தொழில், பாட்டுத்தான் சாப்பாடு. தங்கைமார் மரியா மலிப்ரான், பொலின் வியார்டோ இருவரும் பிற்காலத்தில் தமையனைவிடப் பெரும் புகழ் பெற்றார்கள்.

1825 இல் தகப்பன் குடும்பத்தையே ஒரு நாடகக் குழுவாக்கி நியூயோர்க்குக்குக் கப்பல் ஏறினார். அந்த நவம்பரில் அதே சவரக்காரன் கதையை அங்கே மேடையேற்றினார்கள். தகப்பன் காதலன், 17 வயது மகள் மரியா காதலி, 20 வயது மகன் சவரக்காரன் பிகாரோ. தாய்க்கும் ஒரு வேடம். இத்தாலிய இசைநாடகம் இத்தாலிய மொழியிலேயே அந்த நகரத்தில் ஒலிக்கத் தொடங்கியது இவர்களால்தான்.

ஆனால் மகனின் குரல் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ஓய்வில்லாத ஒத்திகை, இரவுக்கு இரவு உரத்த பாட்டு. விடிய விடிய நாட்டுக்கூத்து நடக்கும் மன்னார்க் கரையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தொண்டை கட்டிப்போய், அடுத்த கூத்துக்குப் பாட முடியாமல் ஒதுங்கி நின்ற அண்ணாவிமாரை ஊர் அறியும். கார்சியா ஐரோப்பாவுக்குத் திரும்பியும் மேடை அவருக்குக் கைகூடவில்லை. 25 வயதை எட்டும் முன்பே பாடகர் என்ற தொழில் முடிந்துபோனது.

குரல் போன பின்

வேறொருவர் என்றால் விதியை நொந்துகொண்டு இருந்திருக்கலாம். கார்சியாவுக்குத் தன் குரல் ஏன் கெட்டது என்பதை அறிய வேண்டியிருந்தது. 1830 இல் பிரெஞ்சுப் படையோடு அல்ஜீரியா போய் வந்தார். அதன்பின் இராணுவ வைத்தியசாலைகளில் வேலை செய்துகொண்டே தொண்டையின் உடற்கூற்றைப் படித்தார். மிருகங்களின் குரல்வளைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, துருத்தியால் காற்று ஊதி எப்படி ஒலி பிறக்கிறது என்று பார்த்தார்.

பின்னர் பாரிஸ் இசைக்கல்லூரியில் ஆசிரியரானார். 1840 இல் மனிதக் குரல் பற்றிய ஆய்வொன்றைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். அடுத்த ஆண்டு சுவீடனிலிருந்து ஓர் இளம் பாடகி அவரிடம் வந்தாள். அளவுக்கு மிஞ்சிப் பாடிக் குரல் தேய்ந்துபோயிருந்தது. அவர் உடனே பாடம் தொடங்கவில்லை. சில வாரங்கள் பாடவே கூடாது, பேசுவதையும் குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஓய்வெடுத்துத் திரும்பியவளுக்குத்தான் பயிற்சி கொடுத்தார். அவள்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜெனி லிண்ட். தனக்கு நடந்தது தன் மாணவிக்கு நடக்கக்கூடாது என்ற கவனம் அந்த ஓய்வில் இருந்தது.

1848 இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து அங்குள்ள அரச இசைக்கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கினார். ஆனாலும் ஒரு குறை மனதில் கிடந்தது. இத்தனை ஆண்டு அவர் பார்த்ததெல்லாம் செத்த தொண்டைகள். உயிருள்ள மனிதன் பாடும்போது குரல்நாண்கள் என்ன செய்கின்றன என்பதை அவர் கண்டதில்லை.

ஆறு பிராங்க் கண்ணாடி

1854 செப்டெம்பரில் விடுமுறைக்குப் பாரிஸ் வந்திருந்தபோது, நடந்து கொண்டிருந்தவரின் மனதில் வழி பளிச்சிட்டது. சரியான கோணத்தில் பிடித்த இரண்டு கண்ணாடிகள் இருந்தால் போதும். நேரே ஒரு மருத்துவக் கருவிக் கடைக்குப் போய், நீண்ட கைப்பிடியுள்ள பல் வைத்தியரின் சிறு கண்ணாடி ஒன்றை ஆறு பிராங்குக்கு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து அதைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்தார். குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டால் ஆவி படியும், ஒன்றும் தெரியாது. சூடாக்கிய கண்ணாடியைத் தொண்டையின் பின்பக்கம், உள்நாக்கோடு அணைத்து வைத்தார். மற்றக் கையில் ஒரு முகக்கண்ணாடி. சின்னப் பிள்ளைகள் கண்ணாடித் துண்டால் வெயிலைப் பிடித்துச் சுவரில் அடிப்பார்களே, அதேபோல் சூரிய ஒளியைப் பிடித்து வாய்க்குள் அனுப்பினார். குரல்வளை திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் மூச்சுக்குழாயின் ஒரு பகுதியும் தெரிந்தது.

அவருக்கு முன்னரும் சிலர் முயன்றிருக்கிறார்கள். 1829 இலேயே லண்டன் வைத்தியர் பெஞ்சமின் பாபிங்டன் இதுபோன்ற ஒரு கண்ணாடிக் கருவியைச் செய்திருந்தார். ஆனால் உயிருள்ள தொண்டையை நின்று நிதானமாகப் பார்த்து, கண்டதை ஒழுங்காக எழுதி வைத்தவர் கார்சியா. அந்தக் கட்டுரை 1855 இல் லண்டன் ரோயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. வைத்திய உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு வாத்தியாருக்குத் தொண்டையைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம் பலருக்கு.

சில ஆண்டுகளில் வியன்னாவில் லுட்விக் டியூர்க் என்ற வைத்தியர் அதே முறையை நோயாளிகளிடம் முயன்றார். குளிர்காலம் வந்து வெயில் குறைந்ததும் நிறுத்திவிட்டார். அவரிடம் கண்ணாடிகளை இரவல் வாங்கிய யொஹான் சேர்மாக் வெயிலுக்குப் பதிலாக விளக்கொளியைப் பயன்படுத்தினார். கருவி வைத்தியசாலைக்குள் நுழைந்தது அப்போதுதான். யார் முதல் என்று இருவருக்கும் பெரிய சண்டை மூண்டது. கார்சியா அதில் தலையிடவில்லை, தன் மாணவர்களோடு இருந்துவிட்டார். 1862 இல் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவருக்கு வைத்தியத்தில் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

வளைவை விட்டு நேர்கோடு

கார்சியா இசைக்கல்லூரியில் ஓய்வு பெற்றது 1895 இல், 90 வயதில். அதே ஆண்டு பெர்லினில் அல்பிரட் கேர்ஸ்டைன் என்ற வைத்தியர் கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டு, நாக்கை ஒரு தகட்டால் அழுத்தி, தலையைச் சரியாக வைத்து, வெறுங்கண்ணால் நேரடியாகக் குரல்வளையைப் பார்த்தார். கண்ணாடி காட்டுவது பிம்பத்தை. நேராகப் பார்த்தால் அதே நேர்கோட்டில் ஒரு குழாயையும் செலுத்தலாம். பிற்கால மயக்கமருந்துத் துறை இந்த வழியில்தான் நடந்தது. 1943 இல் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ரொபர்ட் மக்கின்டோஷ் வடிவமைத்த வளைந்த தகடு இன்றும் உலகெங்கும் பாவனையில் உள்ளது.

1905 இல் கார்சியாவின் நூறாவது பிறந்தநாளன்று வைத்தியர்களும் பாடகர்களும் லண்டனில் ஒன்றுகூடினார்கள். மன்னர் ஏழாம் எட்வர்ட் அவரை மாளிகைக்கு அழைத்துக் கௌரவித்தார். ஸ்பெயினும் ஜேர்மனியும் விருது அளித்தன. புகழ்பெற்ற ஓவியர் சார்ஜன்ட் அவரை வரைந்தார். 1906 ஜூலை 1 ஆம் திகதி, 101 வயதில், கார்சியா காலமானார்.

திரும்பி வந்த கண்ணாடி

நேர்கோட்டு முறைக்கு ஒரு கஷ்டம் உண்டு. வாயும் தொண்டையும் இயல்பில் ஒரு வளைவு. அதை நிமிர்த்தினால்தான் வெளியே நிற்பவரின் கண்ணுக்கு உள்ளே தெரியும். சத்திரசிகிச்சைக் கூடத்தில், வெறும் வயிற்றோடு வந்த நோயாளியிடம், அனுபவமுள்ள நிபுணருக்கு இது பெரும்பாலும் முடியும். அவசர சிகிச்சைப் பிரிவில் நிலைமை வேறு. விபத்தில் கழுத்து அடிபட்டவரின் தலையைச் சாய்க்க முடியாது. வாய்க்குள் இரத்தமோ வாந்தியோ இருக்கும். ஒட்சிசன் இறங்கிக்கொண்டே போகும்.

2001 இல் கனடிய சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் பேசியின் கிளைட்ஸ்கோப் சந்தைக்கு வந்தது. தகட்டின் நுனிக்கு அருகே ஒரு சிறு கமெரா, வெளியே ஒரு திரை. கண் வெளியே நிற்க வேண்டியதில்லை, வளைவுக்கு உள்ளேயே போய்விடுகிறது. ஆறு பிராங்க் கண்ணாடி செய்ததும் அதைத்தான். நூற்றாண்டு கடந்து வைத்தியம் கார்சியாவின் வழிக்குத் திரும்பியது.

அப்படியானால் எது நல்லது? 2017 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 371 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டது. முதல் முயற்சியிலேயே குழாய் போவதில் வீடியோ முறை மேம்பாடு எதையும் காட்டவில்லை. 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வு 17 அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1417 பேரிடம் நடந்தது. அங்கே வீடியோ முறையில் முதல் முயற்சி 85.1 சதவீதம் வெற்றி, நேரடி முறையில் 70.8 சதவீதம். அந்த ஆய்வில் குழாய் போட்டவர்களில் பெரும்பாலானோர் இன்னும் பயிற்சியில் இருந்த வைத்தியர்கள். அதேவேளை கடுமையான சிக்கல்களின் அளவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

வாசல் தெரிவது ஒன்று, குழாய் உள்ளே போவது இன்னொன்று. வளைவு கூடிய தகட்டில் திரையில் எல்லாம் அழகாகத் தெரியும், குழாய் மட்டும் திரும்ப மறுக்கும். அதற்குள் வளைத்த கம்பி ஒன்றை வைத்துச் செலுத்தும் பயிற்சி வேண்டும். இரத்தம் பட்டால் கமெரா குருடாகும். சில கருவிகளில் ஆவியும் படியும். கார்சியா கண்ணாடியைச் சுடுநீரில் தோய்த்த அதே பிரச்சினை, இன்னும் தீரவில்லை. குழாய் போன இடம் சரிதானா என்பதை மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டை அளந்துதான் உறுதி செய்ய வேண்டும். குழாய் போகாவிட்டால் முகமூடியாலும் பையாலும் ஒட்சிசன் கொடுத்து நோயாளியைக் காக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களைப் போன்ற இடங்களுக்குத் திரையின் பெரிய நன்மை வேறொன்று என்று நினைக்கிறேன். நேரடி முறையில் உள்ளே தெரிவது ஒருவருக்கு மட்டும். பக்கத்தில் நிற்கும் மூத்த வைத்தியர்கூட ஊகித்துத்தான் சொல்ல முடியும். திரையில் எல்லோருக்கும் தெரியும். இளம் வைத்தியரின் கை தவறும்போது இன்னொருவர் அதைக் கண்டு திருத்தலாம். நிபுணர்கள் குறைவாகவும் பாதை நீளமாகவும் இருக்கும் மாவட்டத்தில் அந்த இரண்டாவது கண் ஆடம்பரம் அல்ல.

வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர்களும் வைத்தியசாலைகளுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. வீடியோ லரிங்கோஸ்கோப் கொடுக்க நினைப்பவர்கள் பெட்டியை ஒப்படைத்துப் படம் எடுப்பதோடு நிற்காமல் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். தகடுகள் தீர்ந்தால் அடுத்தது எங்கிருந்து வரும்? பற்றரியை யார் நாளாந்தம் பார்ப்பார்? இரவுக் கடமையில் நிற்கும் வைத்தியரும் தாதியும் அதில் கை பழகியிருக்கிறார்களா? காபனீரொட்சைட்டு அளவி பக்கத்தில் இருக்கிறதா? கண்ணாடி வாங்க கார்சியாவுக்கு ஆறு பிராங்க் போதுமாக இருந்தது. அதற்கு முன்னர் அவர் தொண்டையைப் படிக்கச் செலவிட்டது இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்.