இழந்த பணமும் இழக்காத மானமும்: லோரைன் ஹான்ஸ்பரி அம்மையார் வாழ்வு

நம் அரக்கோணம் இருப்புப்பாதையால் வளர்ந்த ஊர். 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னகத்தின் முதல் இரயில் ஓடியபோது இவ்வழியாகவே சென்றது. உழைத்து ஓய்ந்த தந்தையின் சேமநல நிதியோ, அவர் மறைந்தபின் வரும் காப்பீட்டுத் தொகையோ மொத்தமாக வீடு வந்து சேரும் நாளை இங்குள்ள குடும்பங்கள் நன்கறியும். அப்பணத்தால் வீடு கட்டுவதா, மகளைப் படிக்க வைப்பதா, மகனுக்குத் தொழில் வைத்துக் கொடுப்பதா என்னும் கேள்வி அன்றே எழுந்துவிடும். இக்கேள்வியை நாடகமாக்கி உலகறியச் செய்தவர், அமெரிக்கக் கறுப்பினத்தில் பிறந்த லோரைன் ஹான்ஸ்பரி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1930ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தையார் கார்ல் ஹான்ஸ்பரி வீடு, மனை வணிகர். தாயார் நானி ஆசிரியையாக இருந்தவர். கையில் பொருள் இருந்தும் விரும்பிய தெருவில் குடியிருக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கறுப்பருக்கு வீடு விற்பதில்லை என்று வெள்ளையர் தமக்குள் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்த காலம் அது. 1917இல் மேனாட்டுக் கல்வி பெற்றுப் பரோடா திரும்பிய அண்ணல் அம்பேத்கர் தங்க இடமின்றித் துரத்தப்பட்ட வரலாற்றைப் படித்த நமக்கு இது புதிதன்று.

1937இல் ஹான்ஸ்பரி குடும்பத்தார் அத்தகைய பகுதியொன்றில் துணிந்து வீடு வாங்கிக் குடியேறினர். கூட்டம் கூடியது, வீட்டினுள் எறியப்பட்ட கல்லுக்கு ஏழு வயதுச் சிறுமி லோரைன் மயிரிழையில் தப்பினார். தந்தையார் நீதிமன்றம் சென்றிருக்க, தாயார் கைத்துப்பாக்கியுடன் இரவெல்லாம் விழித்திருந்து மக்களைக் காத்தார். 1940இல் உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும், முந்தைய வழக்கொன்றின் தீர்ப்பு அவ்வழக்கில் இடம்பெறாதவரைக் கட்டுப்படுத்தாது என்ற அளவிலேயே அது நின்றது. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்னும் தீர்ப்பு 1948இல்தான் வந்தது. அதைக் காணத் தந்தையார் இல்லை. 1946இலேயே மெக்சிகோ நாட்டில் காலமானார். பெரும் பொருளும் மன அமைதியும் அவ்வழக்கில் கரைந்ததை அம்மையார் பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார்.

1950இல் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தி நியூயார்க் சென்ற அம்மையார், பால் ராப்சன் தொடங்கிய பத்திரிகையில் பணியாற்றினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் எவருக்கு மடல் எழுதினாரோ அந்த டூபாய்ஸ் பெருமகனாரிடம் ஆப்பிரிக்க வரலாறு பயின்றார். 1959 மார்ச் 11ஆம் நாள் 'எ ரெய்சின் இன் த சன்' என்னும் அவரது நாடகம் பிராட்வே அரங்கேறியது. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதிய நாடகம் அங்கு மேடையேறியது அதுவே முதன்முறை.

கதை இதுதான். யங்கர் குடும்பத் தலைவர் உழைத்தே மாண்டார். காப்பீட்டுத் தொகை பத்தாயிரம் டாலர் வருகிறது. தாய் லீனா 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறார். காரோட்டியான மகன் வால்ட்டர் மனமுடைந்து கிடப்பதைக் கண்டு, மீதி 6,500 டாலரையும் அவன் கையில் ஒப்படைக்கிறார். அதில் 3,000 டாலர் தங்கை பெனிதாவின் மருத்துவப் படிப்புக்காக வங்கியில் போட வேண்டியது. அவனோ ஒரு காசும் வங்கியில் போடாது, மதுக்கடை தொடங்கும் ஆசையில் வில்லி என்ற நண்பனிடம் முழுவதையும் கொடுத்துவிடுகிறான். வில்லி பணத்தோடு மறைந்துவிடுகிறான்.

திருடிய வில்லி நாடகத்தில் ஒருமுறையேனும் மேடைக்கு வருவதில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கைக்கு எட்டாதவன் மீது கோபம் செல்லாது. வீட்டிலிருப்பவன் மீதே அனைத்தும் விழும். தங்கை, இவன் இனி எனக்கு அண்ணன் இல்லை என்று வெறுக்கிறாள். தாயும் முதலில் மகனை அடித்துக் கதறுகிறார். ஆயினும், தாழ்ந்து கிடக்கும் வேளையிலேயே ஒருவனுக்கு அன்பு மிகவும் வேண்டும் என்று மகளுக்கு உணர்த்துகிறார்.

இதற்கிடையில் வெள்ளையர் சங்கத்தின் ஆள் ஒருவர் வந்து, நீங்கள் குடிவராதிருந்தால் கூடுதல் பணம் தருகிறோம் என்று கூறிச் சென்றிருந்தார். இழந்ததை ஈடுகட்ட அதற்கு இசையலாம் என எண்ணி வால்ட்டர் அவரை மீண்டும் அழைக்கிறான். தன் சிறு மகனின் முன் நின்று அச்சொல்லைச் சொல்ல நேர்ந்தபோது அவனுக்கு நாவெழவில்லை. எங்கள் தந்தை உழைப்பால் பெற்ற வீட்டுக்கு நாங்கள் குடிவருவோம் என்று சொல்லி அனுப்புகிறான். போன பணம் திரும்பவில்லை, மகன் திரும்பினான்.

530 முறை நடிக்கப்பட்ட இந்நாடகம் நியூயார்க் நாடக விமர்சகர் வட்ட விருதைப் பெற்றது. அவ்விருதை வென்ற முதல் கறுப்பின ஆசிரியர் அம்மையாரே. புற்றுநோயால் 1965 சனவரி 12ஆம் நாள், 34ஆம் வயதில் மறைந்தார்.

யாம் ஆசிரியப் பணியில் கண்ட குடும்பம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தரகரை நம்பி, தந்தையின் ஓய்வுப் பணத்தை மூத்த மகன் கொடுத்து ஏமாந்தான். உறவினர் ஏசிய ஏச்சைப் பொறாது ஊரை விட்டே போனான். பத்தாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்ற தங்கையின் படிப்பும் நின்றது. அன்று அவன் இல்லத்துக்குச் சென்று இரண்டு வார்த்தை ஆறுதல் கூறாத குறை எமக்கும் உண்டு.

ஆகவே, இளைஞர்களே! பிறருக்கென ஒப்படைத்த பணத்தை முதலில் வங்கியில் சேர்த்துவிட்டுப் பின்னரே உங்கள் திட்டங்களைப் பேசுங்கள். நண்பனாயினும் எழுத்தும் இரசீதும் இன்றிப் பணம் கொடாதீர்கள். தங்கையின் படிப்புப் பணம் தங்கைக்கே உரியது. பெரியோர்களே! ஏமாந்து வந்த பிள்ளையைக் கணக்குக் கேளுங்கள். ஆனால் கதவைச் சாத்தாதீர்கள். வில்லிகள் என்றும் அகப்படமாட்டார்கள். அகப்பட்ட நம் பிள்ளையையும் நாம் இழந்துவிடலாகாது.